கங்கையில் குடும்பத்தோடு ராஃப்டிங்: கோலாலம்பூரிலிருந்து புறப்படுவோர் குளிருக்குத் தயாராகும் முறை

கோப்பேங்கில் கம்பார் ஆற்றிலோ கோல குபு பாருவில் சிலாங்கூர் ஆற்றிலோ ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் வேக ஆற்றில் துடுப்பு போட்டுச் செல்வது) செய்து பழகிய நம் குடும்பங்கள், அரை நாள் நனைந்திருந்தாலும் உடல் அதிகம் நடுங்காத நீரையே அறிந்திருக்கின்றன. பனிமலையிலிருந்து இறங்கும் ஆறு அப்படிப்பட்டதன்று. ரிஷிகேஷில் எங்கள் முதல் பயணம் முடிந்து கரையேறியபோது, பதினைந்து வயது மகளால் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக்கூட அவிழ்க்க முடியவில்லை. விரல்களைக் கொக்கியின் மேல் வைத்திருந்தாள். அழுத்துவதற்கு அவற்றில் வலுவில்லை. அன்றிலிருந்து, இத்தகைய பயணத்தில் எந்த முடிவையும் நீரின் குளிரை முன்னே வைத்தே எடுக்கிறோம். அந்த வரிசையிலேயே கீழே விளக்குகிறேன்.

முதல் படி: ஆற்றையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தல்

கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பான கோமுகத்தில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பாகீரதி பிறக்கிறது. அது தேவப்பிரயாகையில் அலக்நந்தாவோடு கலந்து கங்கை என்ற பெயரோடு ரிஷிகேஷுக்கு வருகிறது. கோடை வெயிலில் காற்று சுட்டாலும் நீர் குளிர்ந்தே இருப்பதற்கு இந்தப் பிறப்பிடமே காரணம். பருவமழையில் வெள்ளம் பெருகுவதால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே ராஃப்டிங் நடப்பதில்லை. தொடக்கநிலைக் குடும்பங்களுக்கு மார்ச் முதல் மே வரையிலான காலமே ஏற்றது என்பது என் கருத்து; நனைந்த உடலை வெயில் விரைவில் சூடாக்கிவிடும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், டிசம்பர் காலைகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் என்பதை மனத்தில் வைத்து, நண்பகலை ஒட்டிய படகையே கேட்டுப் பெற வேண்டும்.

டில்லிக்குக் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையத்திற்குப் பறந்தால், ரிஷிகேஷ் சற்றேறக்குறைய 20 கிலோமீட்டர்தான்.

இரண்டாம் படி: யார் ஏறலாம், எவ்வளவு தூரம்

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரையிலான நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நீச்சல் ஓரளவு தெரிந்த குடும்பத்திற்கு 2, 3 நிலைகள் போதும். பிரம்மபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 9 கிலோமீட்டர்; சிவபுரியிலிருந்து என்றால் சுமார் 16 கிலோமீட்டர். நான் 9 கிலோமீட்டரையே பரிந்துரைப்பேன். தூரம் கூடக் கூட நனைந்த உடலோடு காற்றில் அமர்ந்திருக்கும் நேரமும் கூடும். பிள்ளைகள் பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் சோர்ந்துபோகிறார்கள்.

ரிஷிகேஷில் குறைந்தபட்ச வயதாக 14 வைக்கப்பட்டுள்ளது. அதற்கும் கீழே உள்ள பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லிப் படகில் ஏற்றாதீர்கள். சிறிய உடல் பெரிய உடலைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது; கர்ப்பிணிகள் தவிர்த்துவிட வேண்டும். எங்கள் மாமியார் படகில் ஏறவில்லை. கங்கையில் தலை நனைப்பதே அவருடைய நெடுநாள் ஆசை. திரிவேணி காட் என்ற படித்துறையில் படிக்கட்டுச் சங்கிலியைப் பிடித்தபடி மூன்று முறை முழுகி எழுந்தார், மாலையில் ஆரத்தியும் பார்த்தார். பெரியவர்களுக்கென்று இப்படி ஒரு நாளை ஒதுக்கிவிட்டால், யாரும் மனமில்லாமல் படகில் ஏற வேண்டிய நிலை வராது.

மூன்றாம் படி: வீட்டிலேயே குளிரை அறிமுகப்படுத்துதல்

புறப்படுவதற்கு ஒரு மாதத்திற்கு முன், கடையில் இரண்டு பை ஐஸ் வாங்கி வாளித் தண்ணீரில் போட்டு, வெப்பமானியில் 10 டிகிரி காட்டும்வரை கலக்குங்கள். பிள்ளைகள் மணிக்கட்டுவரை கையை மூன்று நிமிடம் வைத்திருந்து, பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்க்கட்டும். வலி தாங்கவில்லை என்றால் உடனே எடுத்துவிடலாம். பொத்தான் துளையைத் தேடித் தடுமாறும் அந்த விரல்களைப் பார்த்த பிள்ளைக்கு, வழிகாட்டி பேசும்போது ஏன் கவனிக்க வேண்டும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு தானாகத் திணறும். அந்த முதல் 1 நிமிடம் மூச்சைச் சீராக்குவதற்கு. அடுத்த 10 நிமிடம் கைகால்கள் பயன்படும் நேரம். ஏறத்தாழ 1 மணி நேரத்தில் உடல் சூடு மிகவும் குறைந்துபோவதால் நினைவு தப்பலாம். மீட்புப் பயிற்சியில் இதை 1-10-1 என்று கற்பிக்கிறார்கள். இது கடும் குளிர்நீருக்கான கணக்கு; மெலிந்த பிள்ளைகளுக்கு நேரம் இதைவிடக் குறையும்.

நான்காம் படி: உடை

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நீரை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துவிடும். எங்கள் மகள் அன்று அணிந்திருந்தது தடித்த பருத்திச் சட்டை. அந்தத் தவறு எங்களுடையது. உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை, அதன் மேல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் வெட்சூட் (நீரில் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை), அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் என்பதே சரியான அடுக்கு. வெட்சூட் தளர்வாக இருந்தால் புது நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பயன் இராது. பிள்ளைகளின் அளவில் வெட்சூட் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கம்பளியும் ஃபிளீஸும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பண்டல் கடைகளில் நல்லவையாகவே குறைந்த வெள்ளிக்குக் கிடைக்கின்றன. காலுக்கு வார் வைத்த செருப்பு அல்லது சப்பாத்து வேண்டும். ஜப்பான் சிலிப்பர் முதல் அலையிலேயே போய்விடும்.

ஐந்தாம் படி: நடத்துநரிடம் கேட்க வேண்டியவை

உரிமம் உண்டா, படகோடு பாதுகாப்புக் கயாக் (விழுந்தவர்களை மீட்க உடன் வரும் சிறு படகு) வருமா, ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் ஒவ்வொருவருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பயணக் காப்புறுதியில் ராஃப்டிங் எந்த நிலைவரை அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஆற்றில்

ஃபார்வர்ட் என்றால் முன்னோக்கித் துடுப்பு போடுவது, பேக் என்றால் பின்னோக்கி, ஸ்டாப் என்றால் நிறுத்துவது, கெட் டவுன் என்றால் படகின் உள்ளே குனிந்து அமர்வது. துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைத்துவிடும்.

விழுந்துவிட்டால் மல்லாந்து, பாதங்களை நீர் ஓடும் திசையில் நீட்டி, கால் விரல்கள் மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். நீர் முழங்காலளவே இருந்தாலும் ஓட்டத்தில் எழுந்து நிற்கக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரின் விசை உடலைக் கீழே அழுத்திவிடும். வீசப்படும் கயிற்றை மார்போடு பிடித்து, தோளின் மேலாகச் செல்லவிட்டு, முகம் வானத்தைப் பார்க்கக் கிடந்தால் இழுப்பவர் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

கரையேறியதும் ஈர உடையை உடனே களைந்து, துடைத்து, தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டு, இனிப்பான சூடான தேநீர் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை உடம்பு சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டு, பேச்சுக் குழறினால், போர்வையில் சுற்றி, படுக்கவைத்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.