ஆலன் ஷியரரின் கிளப் வாழ்க்கை: எழுதும்போதும் பேசும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலன் ஷியரர் என்றதும் கால்பந்து ரசிகர்களின் நினைவுக்கு முதலில் வருவது 260 என்ற எண். இங்கிலாந்தின் உயர் பிரிவான பிரீமியர் லீக்கில் 441 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்களின் எண்ணிக்கை அது. அவர் ஓய்வு பெற்றது 2006-இல். அந்த எண்ணை இன்னும் ஒருவரும் எட்டவில்லை. ஆனால் சவுத்தாம்ப்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், நியூகாசில் யுனைடெட் என மூன்றே கிளப்புகளில் கழிந்த அவருடைய 18 ஆண்டுகளை அந்த ஓர் எண்ணுக்குள் அடக்க முற்படும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. ஒவ்வொரு கிளப்பிலும் அவர் வெவ்வேறு வகையான முன்கள வீரராக இருந்தார் என்பதை மறந்துவிட்டால், எண்கள் சரியாக இருந்தாலும் எழுதுவது தவறாகிவிடும்.

அவருடைய கதையை 1992-இலிருந்து தொடங்குவது எங்கும் காணப்படும் பிழை. பிரீமியர் லீக் பிறந்த ஆண்டு அது என்பதால் புள்ளிவிவரப் பட்டியல்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஷியரரோ அதற்கு முன்பே நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தின் உயர் பிரிவில் ஆடியிருந்தார். 1988 ஏப்ரல் 9 அன்று சவுத்தாம்ப்டனுக்காக முதன்முறையாகத் தொடக்க அணியில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 17. எதிரணி ஆர்சனல். சவுத்தாம்ப்டன் 4-2 என வென்ற அந்த ஆட்டத்தில் அவர் மூன்று கோல்கள் அடித்து, உயர் பிரிவில் மிக இளம் வயதில் ஹாட்ரிக் அடித்தவர் என்று ஜிம்மி கிரீவ்ஸிடம் இருந்த சாதனையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். சவுத்தாம்ப்டனில் அவர் அடித்த 23 லீக் கோல்கள் அந்த 260-இல் சேராதவை. சேர்த்தால் உயர் பிரிவில் அவருடைய மொத்தம் 283. அப்போதும் ‘இங்கிலாந்து உயர் பிரிவு வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர்’ என்று அவரைக் குறிப்பிடுவது தவறு, ஏனெனில் கிரீவ்ஸின் கணக்கு 357. ‘பிரீமியர் லீக்கில்’ என்ற சொல்லை விட்டுவிடாமல் எழுதினால் இந்தப் பிழை எழாது.

சவுத்தாம்ப்டனில் 118 லீக் ஆட்டங்களுக்கு 23 கோல்கள் என்பது குறைவாகத் தெரிவதால், அவர் அங்கே சோபிக்கவில்லை என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. மாத்யூ லெ டிசியேயும் ராட் வாலஸும் கோல் அடிக்க, பந்தை வாங்கி, பாதுகாவலர்களின் இடிபாடுகளைத் தாங்கி, மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும் கடினமான வேலை அந்த இளைஞருக்குத் தரப்பட்டிருந்தது. பின்னாளில் நியூகாசிலில் அவரைக் காப்பாற்றியது அங்கே கற்ற அந்த வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிளாக்பர்ன் காலத்தைப் பற்றிய தவறுகள் வேறு வகையானவை. 1992-இல் அவரை வாங்கிய தொகை 33 லட்சம் பவுண்டு என்றும் 36 லட்சம் பவுண்டு என்றும் இரு விதமாக எழுதப்படுகிறது. அந்தப் பரிமாற்றத்தை ஒட்டி டேவிட் ஸ்பீடி சவுத்தாம்ப்டனுக்குச் சென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. முதல் பருவத்தில் 16 கோல்கள்தானே என்று கடந்துபோகக் கூடாது. அவை 21 ஆட்டங்களில் வந்தவை. டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்ததால் மீதிப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு காயம் பலருடைய ஆட்ட வாழ்வையே முடித்திருக்கிறது. அவரோ திரும்பி வந்து அடுத்த மூன்று பருவங்களில் 31, 34, 31 என்று லீக் கோல்களைக் குவித்தார்.

அந்த 34 கோல்கள் 1994-95 பருவத்தில், 42 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் அடிக்கப்பட்டவை. முந்தைய பருவத்தில் ஆண்டி கோல் என்ற வீரரும் நியூகாசிலுக்காக அதே எண்ணிக்கையை எட்டியிருந்தார். 2022-23-இல் எர்லிங் ஹாலண்ட் 36 கோல்கள் அடித்து இருவரையும் முந்தியது 38 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில். ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்துவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

1995 லீக் பட்டத்தை ஷியரர் தனி ஆளாக வென்றுகொடுத்தார் என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். கிறிஸ் சட்டன் துணையாக நின்றார். டிம் ஃப்ளவர்ஸ் கோலைக் காத்தார். ஸ்டூவர்ட் ரிப்ளியும் ஜேசன் வில்காக்ஸும் இரு ஓரங்களிலிருந்தும் பந்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மே 14 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஷியரர் முதல் கோலை அடித்தார் என்பது உண்மை. ஆனால் ஜான் பார்ன்ஸ் சமன் செய்ய, இறுதி நேரத்தில் ஜேமி ரெட்நாப்பின் ஃப்ரீ கிக் வலைக்குள் சென்று, பிளாக்பர்ன் 2-1 எனத் தோற்றது. வெஸ்ட் ஹாம் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 1-1 என்ற சமநிலையைத் தாண்ட முடியாததால்தான் 89-க்கு 88 என்ற ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் பிளாக்பர்னுக்குக் கிடைத்தது. ஷியரரின் கோலால் அன்றைய ஆட்டம் வெல்லப்பட்டது என்று எழுதுபவர்கள் ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடுகிறார்கள்.

1996 ஜூலையில் 1.5 கோடி பவுண்டுக்கு, அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு, அவர் நியூகாசிலுக்குச் சென்றதை வெறும் பண விவகாரமாகக் காட்டுவது எனக்கு வருத்தம் தரும் தவறு. மான்செஸ்டர் யுனைடெட்டும் அவரை விரும்பியது. அங்கே போயிருந்தால் பட்டங்கள் நிச்சயம் குவிந்திருக்கும். நியூகாசிலை ஒட்டிய காஸ்ஃபோர்த்தில் பிறந்த அவர், மேலாளர் கெவின் கீகனின் அணியைத் தேர்ந்தெடுத்துச் சொந்த ஊருக்குத் திரும்பினார். பத்து ஆண்டுகளில் அங்கே ஒரு பெரிய கோப்பைகூடக் கிடைக்கவில்லை, 1998, 1999 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்கள் இரண்டிலும் தோல்வி என்பதைக் காட்டி அதைத் தோல்வியுற்ற காலம் என்று சொல்கிறார்கள். அந்தக் கிளப்பிற்காக அவர் அடித்த 206 கோல்கள், ஜாக்கி மில்பர்ன் விட்டுச்சென்ற 200 என்ற சாதனையைத் தாண்டியவை. அந்த ஊரில் மில்பர்னின் பெயருக்கு இருக்கும் மதிப்பை அறிந்தவர்கள் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள்.

நியூகாசில் காலத்தை ஒரே சீரானதாக எழுதுவதும் பிழையே. முதல் பருவத்தில் 31 ஆட்டங்களில் 25 கோல்கள்; அதனால் அதிக கோல் அடித்தவருக்கான விருது தொடர்ந்து மூன்றாவது முறையாக அவருக்குக் கிடைத்தது. 1997 கோடையில், பருவத்திற்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் கணுக்கால் கடுமையாகக் காயமுற்றது. அதற்குப் பிறகு பழைய வேகம் முழுமையாகத் திரும்பவில்லை. கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தைத் தாங்குவது, தலையால் முட்டுவது, எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் சரியான இடத்தில் காத்திருப்பது என்று அவர் தம் ஆட்டத்தையே மாற்றி அமைத்துக்கொண்டார். 1999 ஆகஸ்டில் மேலாளர் ரூட் குலிட் சண்டர்லாந்துக்கு எதிராக அவரைத் தொடக்க அணியில் சேர்க்கவில்லை. அணி தோற்றது, சில நாள்களில் குலிட் விலகினார். பாபி ராப்சன் பொறுப்பேற்றுச் சொந்த மைதானத்தில் சந்தித்த முதல் ஆட்டத்திலேயே ஷெஃபீல்ட் வென்ஸ்டேவை 8-0 என வீழ்த்தியபோது ஐந்து கோல்கள் ஷியரருடையவை. 2001-02-இல் 23, 2003-04-இல் 33 வயதில் 22 லீக் கோல்கள் என்பவற்றை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

இங்கிலாந்து அணிக்காக அடித்த 30 கோல்களைக் கிளப் கணக்கில் கலப்பதும், 2009-இல் நியூகாசிலின் தற்காலிக மேலாளராக எட்டு ஆட்டங்கள் இருந்து அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதை ஆட்டக்காரராக அவர் செய்தவற்றோடு சேர்த்து எடைபோடுவதும் சிறிய தவறுகள். சற்றுக் கவனித்தால் போதும்.

பின்னாளைய இங்கிலாந்து முன்கள வீரர் ஹாரி கேனோடு ஒப்பிடும்போது கூடுதல் கவனம் தேவை. 2023-இல் பயர்ன் மியூனிக்கிற்குப் போவதற்கு முன் கேன் 320 பிரீமியர் லீக் ஆட்டங்களில் 213 கோல்கள் அடித்திருந்தார். ஓர் ஆட்டத்திற்கான சராசரியில் அவரே முன்னிலையில் இருக்கிறார். ஷியரரின் 260-இல் 56 பெனால்டிகள். இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, இரண்டு வெவ்வேறு கிளப்புகளுக்காக நூறு பிரீமியர் லீக் கோல்களைத் தாண்டியவர் ஷியரர் என்பதையும், அந்த 260-இல் கிட்டத்தட்டப் பாதி 1997-இல் கணுக்கால் சிதைந்த பிறகு வந்தது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுத வேண்டும்.