கடைசியாகப் பேசும் பிள்ளைக்கும் 12 நிமிடம்: கருத்தரங்கில் ஒரு அமர்வை நடத்துவது எப்படி

சில வருடங்களுக்கு முன்னால், பாளையங்கோட்டையில் ஒரு அரங்கம். மணி ஒன்றரை ஆகிவிட்டது, வெளியே வராந்தாவில் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்துவிட்டார்கள், சாம்பார் வாசனை உள்ளே வருகிறது. மேடையில் கடைசிப் பேச்சாளராக முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரில் கோட்டினின் அளவு பார்த்திருக்கிறாள். உடம்புக்குள் போன நிக்கோட்டினைக் கல்லீரல் மாற்றுவதால் வருவது கோட்டினின். பீடியை வாயில் வைக்காதவர்களுக்கும் புகையிலைத் தூளைத் தொட்டுத் தொட்டுத் தோல் வழியாக நிக்கோட்டின் ஏறும். நம் ஊர் வேலை, நம் ஊர்ப் பெண்களின் உடம்பு. அவளுக்குத் தரவேண்டிய 12 நிமிடத்தில் நான்குதான் மிச்சம். முக்கியமான வரைபடத்தை ஒரே தட்டில் தாண்டிப் போய், நன்றி சொல்லி இறங்கிவிட்டாள். அமர்வுத் தலைவர் நாற்காலியில் இருந்தது நான். முன்னால் பேசிய பெரியவரை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் எந்த அமர்வை ஏற்றாலும் அந்தக் கடைசிப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் திட்டம் போடுகிறேன். உயிர்மருத்துவக் கருத்தரங்கில் முதல் முறையாக உங்களை அமர்வுத் தலைவராகப் போட்டிருந்தால், நான் செய்கிறதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 90 நிமிட அமர்வு என்று வையுங்கள். அழைப்பின் பேரில் வருகிறவருக்கு 25 நிமிடப் பேச்சு, 5 நிமிடக் கேள்வி. மாணவர் நான்கு பேருக்குத் தலா 12, அதில் பேச்சு 9, கேள்வி 3. மொத்தம் 78. மீதி 12 நிமிடம் அறிமுகத்துக்கும் மைக் மாற்றுவதற்கும். அமைப்பாளர்கள் ஐந்தாவதாக ஒரு மாணவரைச் சேர்க்கச் சொன்னால், அந்த வேலையைப் போஸ்டராக ஒட்டிக் காட்டட்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் போர்த்திக்கொண்டிருந்தால் அந்த 12 நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும்.

ஒரு வாரம் முன்னால் பேச்சாளர்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள், ஆளுக்கு ஒரு கேள்வி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சாளர்களுக்கு வாட்ஸ்அப்பில், பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், அறிமுகத்துக்கு இரண்டு வரி என்ன, 9 நிமிடத்துக்கு ஒன்பது ஸ்லைடு போதும் என்று அனுப்பிவிடுங்கள். இன்னொன்றும் கேளுங்கள், இது நம் பக்கத்துக்கு ரொம்ப அவசியம். இங்கே அரங்கத்தில் ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியின் டாக்டர், சித்த மருத்துவக் கல்லூரி மாணவர், அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பயோடெக் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் பற்றி டாக்டர் பேசும்போது ‘எஸ்கார்’ என்பார்; பூச்சி கடித்த இடத்தில், அதுவும் அக்குள், இடுப்பு என்று மறைவான இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல வரும் கருத்த பொருக்கு அது என்று பயோடெக் பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை ‘56 கிலோடால்டன் ஜீன்’ என்றால், பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் அந்தக் காய்ச்சலின் கிருமியைத் தேடுவதற்கு எடுக்கும் ஜீன் அது என்று டாக்டருக்குச் சட்டென்று ஓடாது. அதனால் வேறு துறைக்காரருக்காக ஒரு ஸ்லைடு வைக்கச் சொல்லுங்கள். மறந்துவிட்டார்கள் என்றால், பேச்சு முடிந்ததும் முதல் வேலையாக நீங்களே அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

அன்றைக்கு அரை மணி நேரம் முன்னால் அரங்கத்தில் இருக்க வேண்டும். எல்லா ஸ்லைடையும் ஒரே லேப்டாப்பில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். மைக்ரோஸ்கோப் வீடியோ வைத்திருப்பவர்களுக்கு அது ஓடாமல் நிற்பது வழக்கம். சவுண்ட் அண்ணாச்சியிடம் போய், கரண்ட் போனால் மைக்கும் புரொஜெக்டரும் யுபிஎஸ்ஸில் நிற்குமா என்று கேட்டுவிடுங்கள். முன்வரிசையில் ஒரு மாணவரை உட்காரவைத்து மீதி நிமிடத்தைப் பேச்சாளருக்குக் காட்ட 5, 2, 0 என்று பெரிதாக எழுதிய அட்டைகளைக் கொடுங்கள்.

இனி, எனக்கு வராமல் போன விஷயம். பெரியவர்களை நிறுத்துவது. மேடையில் வைத்து நிறுத்தப் பார்த்தால் இருவருக்கும் சங்கடம், அதனால் காலையில் காபி குடிக்கும்போதே நேரில் சொல்லிவிடுகிறேன்: ‘சார், 23-ஆவது நிமிடம் நான் எழுந்து நிற்பேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. உங்களுக்குப் பின்னால் நான்கு பிள்ளைகள் இருக்கு.’ இப்படிச் சொல்லிக் கோபப்பட்டவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. எழுந்து நின்றும் பேச்சு ஓடினால் மெல்ல மேடையருகே போய், ஒரு வாக்கியம் முடியும் இடத்தில், ‘இந்தப் படத்தோடு முடித்துக்கொள்வோம் சார், மீதியைக் கேள்வியில் கேட்டுக்கொள்கிறோம்’ என்று மைக்கில் சொல்லிவிடுங்கள். மாணவருக்கும் இதே விதிதான்.

கேள்வி நேரத்தில் முதல் கேள்வியை ஒரு மாணவருக்குக் கொடுங்கள், முடிந்தால் மாணவிக்கு. பத்து நாடுகளில் ஆய்வுக் கூட்டங்களைக் கவனித்து 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, முதலில் ஆண் கேட்டால் அதற்கப்புறம் பெண்கள் கேட்கும் கேள்வி குறைகிறது என்று காட்டியது. யாரும் கை தூக்கவில்லையா? மனதுக்குள் பத்து எண்ணுங்கள், பிறகு நோட்டைத் திறந்து நீங்களே கேளுங்கள். ‘தமிழில் கேளுங்க, நான் ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறேன்’ என்று ஒரு தடவை சொன்னால் பின்வரிசையிலிருந்து கை எழும்பும், அங்கேதான் நல்ல கேள்விகள் இருக்கின்றன. கேள்வி என்று சொல்லிச் சொற்பொழிவு ஆற்றுகிறவரிடம், ‘கேள்வியை மட்டும் சொல்லுங்க சார்’ என்றால் போதும்.

ஒரு எச்சரிக்கை. நோயாளியின் முகம் தெரியும் படம் ஸ்லைடில் இருந்தால், சம்மதம் வாங்கியிருக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள். காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள் சொன்ன மூலிகை என்றால் அவர்களிடமும் கேட்டுத்தான் பேசுகிறார்களா என்று பாருங்கள். காப்புரிமைக்குப் போகிற வேலையை மேடையில் சொல்லும் முன் விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு 12 மாதச் சலுகை தருகிறது, ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை.

அமர்வு முடிந்ததும் நேரே சாப்பிடப் போய்விடாதீர்கள், கேள்வி வராத பேச்சாளரைத் தேடிப் போய் நோட்டில் இருப்பதைக் கேளுங்கள். அன்றைக்கு நான் சாப்பாட்டு வரிசையில் அந்த முக்கூடல் பிள்ளையைக் கண்டுபிடித்து, தாண்டிப்போன வரைபடத்தைக் காட்டச் சொன்னேன். தட்டு அடுக்கியிருந்த மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தாள். பின்னால் நின்ற டாக்டர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘சாம்பிள் எடுத்தது வேலை முடிஞ்ச சாயங்காலமா, மறுநாள் காலையிலாம்மா?’ என்று கேட்டார். காலையில் என்றாள். ‘அப்போ சாயங்காலமும் எடுத்துப் பாரு, ராத்திரியில் கொஞ்சம் இறங்கியிருக்கும்’ என்றார் அவர். கையில் தட்டு இருந்ததால், அதை என்னிடம் கொடுத்துவிட்டுக் குறித்துக்கொண்டாள்.