நாயின் தோல் வறண்டு முடி குறைகிறதா? எண்ணெய் தடவும் முன் பார்க்க வேண்டியவை

நாயின் முதுகைத் தடவும்போது வெள்ளைச் செதில் உதிர்கிறது, அங்கங்கே தோல் தெரியும் அளவுக்கு முடி குறைந்திருக்கிறது என்றால் நம் வீடுகளில் உடனே வேப்பிலையும் மஞ்சளும் அரைக்கத் தொடங்கிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். இதற்குக் காரணம் பூச்சியாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், சாப்பாடாக இருக்கலாம், தைராய்டாகக்கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தால் வாரக்கணக்கில் அவதிப்படுவது அந்த வாயில்லா ஜீவன்தான்.

படி 1: எங்கே, எப்படி என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் நாயைப் படுக்க வைத்து, முடியை விலக்கித் தலையிலிருந்து வால் வரை பாருங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு முடி கொட்டுவது சகஜம். குட்டி போட்ட தாய் நாய்க்கும் சில வாரங்களில் நிறைய உதிர்ந்து, அப்புறம் தானாக முளைக்கும். தோல் சிவக்காமல், சொட்டை விழாமல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

சொட்டை இருந்தால் இரண்டு கேள்விகள்: எந்த இடத்தில்? அரிக்கிறதா, இல்லையா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

வால் அடியிலும் பின் தொடையிலும் கடித்துக்கொண்டே இருந்தால் முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். காது விளிம்பு, முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தூங்க விடாத அளவு அரிப்பு இருந்தால் அது சார்கோப்டிக் சொறியாக, அதாவது தோலுக்குள் துளைக்கும் நுண்ணிய சிற்றுண்ணியால் வரும் சொறியாக இருக்கலாம். இது மனிதர்களுக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ அரிக்கும் கொப்புளம் வந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். ஒரு வயது ஆகாத குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் வாய் ஓரத்திலும் முன்னங்காலிலும் முடி போய், அரிப்பு பெரிதாக இல்லை என்றால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய சிற்றுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். இது மனிதர்களுக்குப் பரவாது. வட்ட வட்டமாகச் செதிலோடு முடி போயிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். குழந்தைகளைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த வாடையும் வந்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகியிருக்கலாம்.

அரிப்பே இல்லாமல் உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி குறைவதை நிறையப் பேர் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. நடுவயது நாய் சோம்பலாகி, அதே சாப்பாட்டில் எடை கூடி, வாலும் மொட்டையாகிறது என்றால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். அடிக்கடி தண்ணீர் குடித்து, நிறைய சிறுநீர் கழித்து, வயிறு தொங்கினால் குஷிங் நோய் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகையாவது) இருக்கலாம். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை தேவை. எந்த ஷாம்புவும் இவற்றைத் தொடாது.

படி 2: சீப்பும் ஈரத் துணியும்

நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் முதுகையும் வால் அடியையும் வாருங்கள். வந்த தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். கறுப்புத் துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை படர்ந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். பூச்சி இருந்தால் நாயின் எடைக்கு ஏற்ற மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் தரையிலும் படுக்கையிலும்தான் இருக்கும். எனவே படுக்கையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

படி 3: குளியல்

நாயின் தோல் அமிலமாகவும் இல்லாமல் காரமாகவும் இல்லாமல் கிட்டத்தட்ட நடுநிலையானது. நம்முடையது சற்று அமிலத்தன்மை உள்ளது. அதனால் நம் ஷாம்பு, சோப்பு வேண்டாம். தோல் வறட்சி மட்டும் என்றால் நாய்களுக்கான ஓட்ஸ் ஷாம்பு போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள். மிச்சமிருக்கும் ஷாம்புவே செதிலை அதிகமாக்கும். டாக்டர் மருந்து ஷாம்பு எழுதியிருந்தால் தேய்த்துவிட்டு 10 நிமிடம் ஊற விடவேண்டும். உடனே கழுவினால் மருந்து வேலை செய்யாது. வெயில் காலம் என்று தினமும் குளிப்பாட்டாதீர்கள். தோலில் இருக்கும் எண்ணெய் போய் வறட்சி கூடும்.

படி 4: தட்டில் என்ன இருக்கிறது?

நம் ஊரில் இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். தயிர்சாதமும் பால்சோறும் பிஸ்கட்டும் மட்டுமே சாப்பிடும் நாய்க்குப் புரதம், நல்ல கொழுப்பு, துத்தநாகம் எல்லாமே குறைவு. முடி பெரும்பாலும் புரதத்தால் ஆனது. தட்டில் இல்லாதது மேலே எங்கிருந்து வரும்? கோழிக்கறி, ஈரல் கொஞ்சம், வேகவைத்த முட்டை, உப்பும் மசாலாவும் போடாமல் அவித்து முள் எடுத்த மத்தி மீன் ஆகியவற்றைப் படிப்படியாகச் சேருங்கள். வெங்காயம், பூண்டு கூடாது. பச்சை முட்டையும் வேண்டாம்; அதன் வெள்ளைக்கரு, தோலுக்கு வேண்டிய பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் எண்ணெய் மாத்திரை கொடுப்பதாக இருந்தால் அளவை எடை பார்த்து டாக்டரே சொல்லட்டும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

செய்யவே கூடாதவை

சொறி நாய்க்குப் பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. தோல் வெந்துபோகும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. டீ ட்ரீ எண்ணெயும் நாய்க்கு நஞ்சு. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கோலி இன நாய்களில் பலவற்றுக்கும் அவற்றின் கலப்புக்கும் அது மூளையைத் தாக்கலாம்.

படி 5: எப்போது டாக்டரிடம்?

புண், சீழ், நாற்றம், ஓயாத அரிப்பு, பரவும் சொட்டை, சாப்பாடு குறைவது என எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மற்ற ஊர்களில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் தொடங்கலாம். போகும் முன் எண்ணெயோ களிம்போ தடவாமல், குளிப்பாட்டாமல் கூட்டிப் போங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க அதுதான் வசதி. என்ன சாப்பாடு, எப்போது தொடங்கியது, இதுவரை என்ன மருந்து என்று எழுதி, சொட்டையின் போட்டோவும் எடுத்து வையுங்கள்.

டெமோடெக்ஸ் என்று தெரிந்தால், முடி முளைத்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மாதம் ஒரு முறை சுரண்டிப் பார்த்து, அடுத்தடுத்து இரண்டு முறை பூச்சி தென்படவில்லை என்று டாக்டர் சொல்லும்வரை மருந்து தொடர வேண்டும்.