ஹீட் பம்பை ஃபர்னஸ் மாதிரி நடத்தாதீர்கள்

டொரொண்டோ பக்கம் ஸ்காபுரோவிலோ மார்க்கத்திலோ வீடு வைத்திருக்கிறீர்கள், பழைய ஏசி இந்தக் கோடையில் கையை விரித்துவிட்டது, இன்னொரு ஏசி வாங்குவதற்குப் பதில் ஹீட் பம்ப் போட்டால் என்ன என்று யோசிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். போடலாம், நல்ல யோசனை. ஆனால் காஸ் ஃபர்னஸை நடத்திய பழக்கத்திலேயே இதையும் நடத்தினால் பில்லும் ஏறும், வீடும் குளிரும். எங்கள் வீட்டில் முதல் குளிர்காலம் அப்படித்தான் போனது.

முதலில் அது என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிறது. ஹீட் பம்பும் அப்படித்தான்: வெளியில் மைனஸ் 10 என்றாலும் அந்தக் காற்றிலும் வெப்பம் இருக்கிறது, அதை இழுத்து வீட்டுக்குள் ஏற்றுகிறது. கோடையில் உள்ளே ஒரு வால்வு திரும்பி, வீட்டு வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டும், அப்போது அது சாதாரண ஏசிதான். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாருக்குச் சுமை கூடுகிறதல்லவா, அதே மாதிரி வெளியில் குளிர் ஏற ஏற இதற்கும் சுமை கூடும். ஏழெட்டு டிகிரி இருக்கும் நாளில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட்டும் அதற்கு மேலும் வெப்பம் தரும் மெஷின், மைனஸ் 15ல் இரண்டு யூனிட் அளவுக்கு இறங்கிவிடும். அப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும் பேஸ்போர்ட் ஹீட்டரைவிட இது மேல்.

மெஷின் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள். 1950களில், 60களில் கட்டிய பங்களோ என்றால் அட்டிக்கில் இன்சுலேஷன் எவ்வளவு இருக்கிறது, கதவு ஜன்னல் ஓரங்களில் காற்று வருகிறதா, பேஸ்மென்ட் சுவரின் மேல் விளிம்பில் இடைவெளி இருக்கிறதா என்று ஒரு குளிர் நாளில் கை வைத்துப் பார்த்து, காற்று வரும் இடங்களை அடைத்துவிடுங்கள். ஓட்டை வாளியோடு கிணற்றடிக்குப் போகக் கூடாது.

அப்புறம் சைஸ். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வீடு எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டுவிட்டு "உங்களுக்கு 3 டன் போதும்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கனடாவில் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட சிஎஸ்ஏ எஃப்280 என்று ஒரு முறையே இருக்கிறது, அந்தக் கணக்கைத் தாளில் கேளுங்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு), ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் அந்த அளவு கோடையில் குளிராக்கும் திறனுக்கு உரியது. நீங்கள் கேட்க வேண்டியது: "இதே மெஷின் மைனஸ் 15ல் எத்தனை பிடியூ தரும்?" கோல்ட் கிளைமேட் என்று விற்கும் மாடல்களுக்கு அந்த எண் கட்டாயம் இருக்கும், சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். அதற்காகத் தேவைக்கு மேல் பெரிதாகவும் போடக்கூடாது. ஜூலைப் புழுக்கத்தில் பெரிய மெஷின் சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது, வீடு சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையை வாங்குவது இதற்காகத்தான்.

காஸை முழுவதும் எடுத்துவிட நினைத்தால் எலக்ட்ரிக் பேனலைப் பாருங்கள். உதவிக்கு வைக்கும் 10 கிலோவாட் ஹீட்டர் காயில் மட்டும் 240 வோல்ட்டில் 42 ஆம்ப் இழுக்கும், பழைய 100 ஆம்ப் பேனலில் அடுப்பும் டிரையரும் கார் சார்ஜரும் இதோடு சேர்ந்தால் தாங்காது. ஃபர்னஸ் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஹைபிரிட்டாக, அதாவது இரண்டும் மாறி மாறி ஓடும்படி, போடுவதே என் ஆலோசனை. எந்தக் குளிரில் காஸுக்கு மாறுவது என்று நீங்களே கணக்குப் போடலாம். நல்ல ஃபர்னஸில் ஒரு கன மீட்டர் காஸ் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் தரும். உதாரணத்துக்கு, டெலிவரி எல்லாம் சேர்த்து காஸ் கன மீட்டர் 50 சதம் என்றால் ஒரு யூனிட் வெப்பம் 5 சதம். கரண்ட் 15 சதம் என்றால் ஹீட் பம்ப் மூன்று மடங்கு தரும் வரைதான் அது லாபம், அதற்குக் கீழே போகும் குளிரில் காஸ் மலிவு. உங்கள் இரண்டு பில்லையும் எடுத்து உங்கள் எண்களைப் போடுங்கள். ஒன்ராறியோவில் இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த கட்டணம் வரும் திட்டத்தில் இருந்தால் கணக்கே மாறும், ஆனால் அதில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் அதிகம், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி ஓட்டும் விதம். ஃபர்னஸ் இருந்த காலத்தில் படுக்கப் போகும்போது 17க்கு இறக்கி, காலையில் 21க்கு ஏற்றுவோம், அது மிச்சம். முதல் வருடம் இதிலும் அதையே செய்தோம். ஹீட் பம்ப் மெதுவாகத்தான் ஏற்றும், நான்கு டிகிரி வித்தியாசத்தைப் பார்த்ததும் தெர்மோஸ்டாட் ஹீட்டர் காயிலைத் தட்டி எழுப்பியது, ஜனவரி ஹைட்ரோ (கரண்ட்) பில்லைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. ஒரே அளவில், 20 என்றால் 20, விட்டுவிடுங்கள். இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்றிரண்டு டிகிரி போதும். ஹீட் பம்பை விட்டுவிட்டு உதவி ஹீட்டரை மட்டும் ஓட்டும் எமர்ஜென்சி ஹீட் என்ற பட்டனை மெஷின் பழுதானால் தவிரத் தொடாதீர்கள். வென்ட்டில் கையை வைத்துவிட்டு "காற்று சூடாகவே இல்லையே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். 35, 40 டிகிரிக் காற்று கைக்கு அப்படித்தான் தெரியும். ஃபர்னஸ் கொஞ்ச நேரம் கொதிக்கக் கொதிக்க ஊதிவிட்டு நிற்கும், இது நாள் முழுக்க மெல்ல ஊதும். சுவரில் உள்ள எண் இறங்கவில்லை என்றால் எல்லாம் சரி.

வெளிப் பெட்டியைத் தரையில் வைக்க விடாதீர்கள், ஓர் அடிக்குக் குறையாத ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் பெரிய பனியிலேயே மூடிப்போகும். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் நடைபாதையில் உறைந்து வழுக்காத இடமாகவும் பாருங்கள். குளிரில் பெட்டியில் உறைபனி படியும், அவ்வப்போது மெஷின் தானாகவே அந்த வால்வைத் திருப்பி அதை உருக்கும், அப்போது வெளியில் ஆவி புகை மாதிரி கிளம்பும், சத்தமும் மாறும். பயப்பட வேண்டாம், சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்காமல் பெட்டி முழுக்கப் பனிக்கட்டியாக நின்றால் கத்தியாலோ சுத்தியலாலோ தட்டாதீர்கள், அலுமினியத் தகடும் குழாயும் போய்விடும். அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபில்டரை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அழுக்கு ஃபில்டரோடு ஓடும் ஹீட் பம்ப் கோடை, குளிர் இரண்டிலும் திணறும்.