பாரம்பரியத்தைப் பரணில் ஏற்றாதீர்கள்

பண்டிகை வந்தால் பெட்டியைத் திறக்கிறோம். பாரம்பரிய உடையை உடுத்துகிறோம், நாலு படம் எடுக்கிறோம், மடித்துத் திரும்ப உள்ளே வைக்கிறோம். மறுநாள் காலையில் நாம் வேறு ஆள். சொந்தப் பாரம்பரியத்தைப் போற்றுவதாக நினைத்துக்கொண்டு பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். வருடத்துக்கு மூன்று நாள் மட்டும் வெளியே வருகிற எதுவும் உடம்பில் ஒட்டாது. சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்தத் துணியை எடுத்து உடுத்திப் பாருங்கள். கறை பட்டுவிடுமே என்று பயப்படாதீர்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடக்கிற துணி அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். வீட்டில் ஒரு தாலாட்டு இருந்ததா? குழந்தை வந்தால்தான் பாடவேண்டும் என்றில்லை. பாத்திரம் துலக்கும்போது முணுமுணுத்தாலும் அது உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, ‘ஆதியில் இருந்த மாதிரியே, அச்சு அசலாக இருக்கவேண்டும்’ என்கிற பிடிவாதம். இது கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ‘ஆதி’யைத் தேடிப்போனால் கையில் அகப்படாது. ஸ்காட்லாந்து என்றதும் கட்டம் போட்ட டார்ட்டன் துணியும், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்பதும் நினைவுக்கு வரும். கட்டத்துணி பழையதுதான். குலத்துக்கு இன்னதென்று வரையறுத்ததோ பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில். 1746இல் ஸ்காட்லாந்து மலைநாட்டின் இந்த உடைக்கே பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தது. அது நீங்கியது 1782இல். பிறகு 1822இல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்கு வந்தபோது அவரே அந்த உடையில் வந்து நிற்க, ஊரெல்லாம் மோகம் பிடித்துக்கொண்டது. அதற்காக இன்று அதை உடுத்துகிறவரின் பெருமை பொய்யாகிவிடுமா? ஆகாது. தக்காளிகூட 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறி வந்ததுதான். இப்போது அது இல்லாத இத்தாலியச் சமையலை நினைத்துப்பார்க்க முடியுமா? யுனெஸ்கோ 2003இல் கொண்டுவந்த மரபு பற்றிய உடன்படிக்கையும், மரபு என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும்போதே புதிதாக உருவாகிக்கொண்டும் இருப்பது என்றுதான் வரையறுக்கிறது. ஆகவே உங்கள் வசதிக்கு ஒன்றை மாற்றிக்கொண்டால் குற்றவாளிபோல ஒளிந்துகொள்ள வேண்டாம். முன்னோர்களும் அதைத்தான் செய்தார்கள், என்ன, யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு தவறு: ‘எனக்கு நம்ம மொழி சரியா வராது’ என்று வாயைத் திறக்காமலே இருப்பது. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிற உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவருடைய அந்த ஒரு சிரிப்பு ஒரு மொழியை ஒரு வீட்டிலிருந்து துரத்தப் போதும். நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு 1970களில் வந்த சிக்கலும் கிட்டத்தட்ட இதுதான்; மொழி பெரியவர்கள் வாயில் இருந்தது, நடுத் தலைமுறையில் அறுந்துபோயிருந்தது. 1982இல் ‘கோஹங்க ரெயோ’, அதாவது மொழிக்கூடு, என்ற பெயரில் மழலையர் கூடங்களைத் தொடங்கினார்கள். பாட்டி தாத்தாக்களையும் தவழ்கிற பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்தார்கள். ஐந்தே வருடத்தில், 1987இல், மாவோரி அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. இலக்கணத் தேர்வில் தேறிய பிறகு பேசலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நீங்களும் மாடிப்படி ஏறும்போது படிகளை உங்கள் மொழியில் எண்ணுங்கள், அம்மாவோடு போனில் பேசும் முதல் இரண்டு நிமிடத்தை அதற்கு ஒதுக்குங்கள். தப்பும் தவறுமாக வந்தால் வரட்டும்.

ராஜாக்களையும் கோட்டைகளையும் மட்டும் தன் மரபாக எண்ணுவதும் ஒரு பொறி. நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தா கோட்டை கட்டியிருந்தால் கல் சுமந்தவராகத்தான் இருந்திருப்பார். அவர் சுமையை எப்படித் தலையில் இருத்தினார் என்பதும் மரபுதான். மறுபக்கம், பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் கூடாது. யாரையோ வாசலுக்கு வெளியே நிறுத்திய வழக்கம் என்றால் அது உங்களோடு முடியட்டும். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று இரண்டு மரபில் பிறந்தவர்கள் எது என்னுடையது என்று குழம்பவே வேண்டாம்; இரண்டும்தான். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, அது எங்கே போய் முடியும் என்பது கட்டாயப்படுத்தப்பட்டவர்களுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல் விடுவது. அதைவிடக் கொஞ்சம் சின்னது, தப்பாகக் கேட்பது. ‘பழைய கதை ஏதாவது சொல்லுங்க பாட்டி’ என்றால், ‘என்னத்தடா சொல்ல’ என்றுதான் பதில் வரும். நான் போனை நீட்டி அப்படித்தான் கேட்டேன். பதிவில் நாற்பது நிமிடம் இருமலும் மின்விசிறிச் சத்தமும்தான். பிறகு ஒருநாள் தற்செயலாக, ‘உங்க வீட்டுல தண்ணி எங்கேருந்து வரும்?’ என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை. கிணறு, கயிறு, கயிறு அறுந்த நாள், குடத்தோடு விழுந்த அக்கா, அந்த அக்கா யாரோடு ஓடிப்போனாள் என்பது வரை. பொருளைப் பிடித்துக் கேளுங்கள்: கதவு எந்தப் பக்கம் திறக்கும், முதல் செருப்பு எப்போது, காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் உட்காருவார்கள். கதை தானாக வரும்.

பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய அவசரம் புகைப்படங்களுக்கும் உண்டு. எடுத்துக்கொண்டுபோய் யார் யார் என்று கேட்டு, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முகத்தில் தடமாக எழும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்படியானால் படத்தைப் போட்டுவைக்கிற உறையில் முதலில் பெயரை எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

பாட்டி போன பிறகு அலமாரியில் ஓர் உறை கிடைத்தது. பதினொரு படங்கள், பின்பக்கம் எல்லாம் வெள்ளை. ஒன்றில் கிணற்றடியில் மூன்று பெண்கள். நடுவில் நிற்கிறவளுக்கு என் நெற்றி, என் தங்கையின் மூக்கு. குடத்தோடு விழுந்த அக்கா இவளாக இருக்கலாம். பெயர் தெரியவில்லை.