மரப்பேனின் முதுகைப் பார்த்து அதன் இருப்பிடத்தைச் சொல்வது எப்படி?

பெங்களூரில் ஜூன் மழை ஒருமுறை நன்றாக இறங்கிவிட்டால், இந்தப் பயிற்சிக்கு வேண்டியது மொட்டை மாடியிலேயே கிடைத்துவிடும். பூந்தொட்டியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், ஒரு சென்டிமீட்டர்கூட வராத சில உயிர்கள் வெளிச்சம் பட்டதும் இருட்டைத் தேடி ஓடும். அதுதான் மரப்பேன். கடிக்காது, கொட்டாது. இது பூச்சியும் இல்லை. இறால், நண்டு இவற்றின் சொந்தம். தண்ணீரை விட்டு நிலத்துக்கு வந்த கூட்டம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும்.

எடுத்து வைக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் (நகை ஆசாரிகள் பயன்படுத்துவதே போதும்), செல்போன் டார்ச், மெல்லிய பெயின்ட் பிரஷ், கண்ணாடி போல உள்ளே இருப்பது தெரியும் சிறு டப்பா, நனைத்துப் பிழிந்த டிஷ்யூ. கடைசிப் பொருளை மறந்துவிடாதீர்கள். பூச்சிகளின் தோல்மேல் ஈரத்தைக் காக்கும் மெழுகுப் பூச்சு உண்டு. மரப்பேனுக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. காய்ந்த டப்பாவில் போட்டு மறந்துவிட்டால் செத்துவிடும்.

படி 1: தேடுவது

தொட்டிகளின் அடி, ஹசி கசாவை (சமையலறை ஈரக் குப்பையை) மக்க வைக்கும் டப்பா, சப்படிக் கல் (பலகைக் கல்) காம்பவுண்டின் அடிப்பக்கம், மரத்தடியில் குவிந்த சருகு. எங்கே எடுத்தீர்கள், அந்த இடம் சொதசொதவென்று இருந்ததா அல்லது சற்றுக் காய்ந்திருந்ததா என்று அங்கேயே எழுதிவிடுங்கள். லால்பாக், கப்பன் பார்க் போனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், எதையும் எடுத்து வரவேண்டாம்.

படி 2: மரவட்டையா என்று பார்ப்பது

கால்களை எண்ணுங்கள். மரப்பேனுக்கு 7 ஜோடி. புதிதாகப் பிறந்த குஞ்சுக்கு 6 ஜோடிதான், ஏழாவது பிறகு வரும். மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடி. குழப்பம் வருவது உருண்டுகொள்ளும் வகைகளில்தான். குடகு, சக்லேஷ்பூர் பக்கம் போனவர்கள் பெரிய கோலிக்குண்டு அளவில் ஒன்றைப் பார்த்திருந்தால், அது அநேகமாக உருளும் மரவட்டை. பின்பக்கத்தைப் பாருங்கள்: மரவட்டைக்கு ஒரே பெரிய தகடு மூடியிருக்கும், மரப்பேனுக்குக் குறுகலான பல தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும்.

படி 3: முதுகு

அவசரப்படாமல் செய்யவேண்டிய வேலை இதுதான். டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். தரையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். அப்போதுதான் மேடு பள்ளத்துக்கு நிழல் விழுந்து எல்லாம் தெரியும். தலைக்குப் பின்னால் 7 பெரிய தகடுகள், அப்புறம் சிறியவை. தகடுகளில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருப்பதால் நல்ல கெட்டி.

ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஷ்மால்ஃபுஸ் 1984-ல் மரப்பேன்களை உடல் அமைப்பையும் வாழும் விதத்தையும் சேர்த்து வகை பிரித்தார். நமக்கும் அதுவே வசதி. முதுகு வழவழப்பாக, உடல் ஒல்லியாக, கால் நீளமாக இருந்தால் அது ஓடும் வகை. சருகுக்கு இடையே ஓடித் தப்பிக்கும். உடல் தட்டையாக அகன்று, ஓரங்கள் வெளியே விரிந்து, முதுகு சொரசொரப்பாக இருந்தால் ஒட்டும் வகை. கல்லிலோ மரப்பட்டையிலோ ஓரம் முழுவதும் பதிய அழுத்திக்கொள்ளும், எறும்பால் புரட்ட முடியாது. நன்கு வளைந்து உயர்ந்த முதுகு என்றால் உருளும் வகை. உருண்டுகொண்டால் ஈரமான அடிப்பக்கம் உள்ளே போய்விடுவதால் எதிரியும் நெருங்காது, ஈரமும் சீக்கிரம் போகாது. சில மில்லிமீட்டரே உள்ள, முதுகில் நீளவாட்டில் வரிவரியாக மேடு கொண்டவை மண் இடுக்குகளில் ஊர்பவை. முள் முளைத்த வகைகளும் வெப்பமண்டலக் காடுகளில் உண்டு, மாடித் தோட்டத்தில் அவற்றைத் தேடவேண்டாம்.

எல்லோருக்கும் பிடிப்பது உருண்டைதான். ஆனால் கற்றுக்கொள்ள ஒட்டும் வகையே நல்லது. பேசாமல் உட்கார்ந்து நன்றாகக் காட்டும்.

இந்த மேடுகளும் வரிகளும் எதற்கு? இவ்வளவு சிறிய உடலுக்கு ஈரமண் பெரிய தொல்லை. நீரின் இழுவிசையால் மண் துகள் முதுகில் ஒட்டினால் இடுக்கில் நகரவே முடியாது. மேற்பரப்பு மேடு பள்ளமாக இருந்தால் துகள் தொடும் இடம் குறையும், உதிர்ந்துவிடும். இதற்கென்றே நுண்ணிய செதில்களும் உண்டு. அவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும். பிரஷ் நுனியால் துளி ஈரமண்ணை முதுகில் வைத்து, அது நடக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மக்கும் குப்பையில் வேகமாக ஓடும், நீலச்சாம்பல் நிற மரப்பேன் ஒன்று கிடைக்கலாம். பெங்களூர் ப்ளூ திராட்சையின் மேல் இருக்குமே, அது போன்ற வெண்பொடி அதன் உடலில் படிந்திருக்கும். போர்செல்லியோனைடிஸ் ப்ரூயினோசஸ் என்று பெயர். மனிதரோடு உலகமெங்கும் பரவியது. கை பட்டால் பொடி அழிந்துவிடும், அதனால்தான் பிரஷ்.

படி 4: அடிப்பக்கம்

டப்பாவைத் தூக்கிக் கீழிருந்து பாருங்கள். வால் பக்கம் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அவை காற்றைச் சுவாசிக்கும் உறுப்புகள். அவை நன்கு வளர்ந்த வகைகள் சற்றுக் காய்ந்த இடத்திலும் சமாளிக்கும். முன்பக்க மார்பில் வெள்ளைத் திட்டு இருந்தால் விஷயம் வேறு: தோலுரிக்குமுன் சேர்த்து வைத்த சுண்ணாம்பு. பின்பாதித் தோல் முதலில் கழலும், முன்பாதி பிறகு. பாதி வெளிறி, பாதி கறுத்து ஒன்று அகப்பட்டால் தொந்தரவு செய்யாமல் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 5: ஒப்பிடுவது

இப்போது முதுகின் வகையையும், எழுதிவைத்த இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டிகளில் கணக்கு சில சமயம் இடிக்கும். நர்சரி மண்ணோடும் செடியோடும் எங்கிருந்தோ வந்தவை அவை. பழைய மரத்தடியும் அசையாத கல்லும் இதைவிட நம்பகமானவை. எப்போதாவது பளபளக்கும் ஊதா நிறத்தில் ஒன்று கிடைத்தால் புது இனம் என்று குதிக்கவேண்டாம். மரப்பேனைத் தாக்கும் ஒருவகை வைரஸ் அந்த நிறத்தைத் தரும். அதை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.