எண்ணெய்ச் சட்டி இல்லாமல் சுரோஸ்: எங்கே சொதப்புகிறோம்?

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், அண்ணன் மகள் பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலேயே கேட்டாள்: "அத்தை, இன்னைக்கு சுரோஸ் செய்யலாமா?" மைதா மாவை நீளக் குச்சியாகப் பிழிந்து எண்ணெயில் பொரிக்கும் ஸ்பெயின் நாட்டுப் பலகாரம் அது. மாலில் ஒருமுறை வாங்கிக் கொடுத்ததுதான், அன்றிலிருந்து அதே பாட்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். அதில் அரைக் கடாய் எண்ணெயைக் காயவைத்து, குழந்தையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பத்துக் குச்சி பொரிக்க எனக்கு மனசு வரவில்லை. மிச்ச எண்ணெயை என்ன செய்வது என்ற கவலை வேறு. எண்ணெயில் போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காயவைக்கும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து கடைகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் யார் அளக்கிறோம்? இன்றைக்குப் பலகாரம், நாளைக்கு அப்பளம், மறுநாள் மீன் வறுவல் என்று ஒரே எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, பொரிக்காமல் செய்வோம் என்று இறங்கினேன். முதல் தடவை அடுப்பிலிருந்து வந்தது காய்ந்த முருங்கைக்காய். கடித்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

நாலைந்து முறை கெடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. காய்ந்த எண்ணெய் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. மாவை எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுடுகிறது. மேல்தோலின் ஈரத்தை விரட்டி மொறுமொறுப்பாக்குகிறது. எடுக்கும்போது மேலே மெல்லிசாக ஒட்டிக்கொண்டு வந்து சர்க்கரையைப் பிடித்து வைக்கிறது. எண்ணெயை வேண்டாம் என்றால் இந்த மூன்று வேலைக்கும் வேறு ஆள் பிடிக்க வேண்டும். நான் செய்த தவறுகளில் முக்கால்வாசி, ஏதோ ஒரு வேலைக்கு ஆள் வைக்க மறந்ததுதான்.

மாவிலேயே தொடங்கும் தவறு

ஸ்பெயினில் சுரோஸ் மாவு என்பது கொதிக்கும் தண்ணீர், மைதா, உப்பு, அவ்வளவுதான். நாம் கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவதில்லையா, அந்த மாதிரி. அதை நட்சத்திர அச்சில் பிழிந்து பொரித்து, கெட்டியான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டுவது மெக்சிகோ பக்கத்துப் பழக்கம். பொரிப்பதற்கென்று அமைந்த இந்த முட்டையில்லாத மாவை அப்படியே ஓவனில் வைப்பதுதான் பலரும் செய்கிற முதல் தப்பு. என் முருங்கைக்காய் வந்த வழியும் இதுதான். ஓவனில் சூடு மெதுவாக ஏறுகிறது. மாவுக்குள் தூக்கிக் கொடுக்க ஒன்றுமில்லை. மேலே ஓடு கட்டுகிறது, உள்ளே களியாகவே கிடக்கிறது.

ஓவனுக்கு முட்டை சேர்த்த மாவு வேண்டும். மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி உள்ளிருந்து தள்ளும்போது, முட்டைதான் நீண்டு கொடுத்து, பிறகு இறுகி அந்த உப்பலை நிறுத்துகிறது. நான் எடுக்கும் அளவு: தண்ணீர் 240 மில்லி, வெண்ணெய் 60 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் டீஸ்பூன், மைதா 125 கிராம், முட்டை இரண்டு. கடையில் வாங்கும் உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு போட வேண்டாம்.

இதில் அவசரம்தான் எதிரி. தண்ணீரும் வெண்ணெயும் தளதளவென்று கொதிக்க வேண்டும். வெண்ணெய் உருகிவிட்டதே என்று வெதுவெதுப்பில் மைதாவைக் கொட்டினால் மாவு வேகாது, பசை போல ஆகும். மைதாவைச் சலித்து, ஒரே தடவையில் கொட்டிக் கிளறுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் கட்டி விழும், ரவை உப்புமாவில் விழுகிற மாதிரியே. மாவு உருண்டு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவதும் தவறு. சின்னத் தீயில் இன்னும் இரண்டு நிமிடம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் மெல்லிய ஏடு படியும், அதுதான் அடையாளம். இந்த இரண்டு நிமிடத்தில் போகிற ஈரம் ஓவனில் நமக்கு மிச்சம். எண்ணெயின் இரண்டாவது வேலையில் பாதியை இங்கேயே முடித்துவிடுகிறோம்.

அப்புறம் முட்டை. மாவு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது உடைத்து ஊற்றினால் முட்டைப் பொடிமாஸ்தான். மாவை அகலமான தட்டில் பரப்பி ஐந்தாறு நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளே விரலை வைத்தால் சூடு தெரிய வேண்டும், ஆனால் விரலை இழுத்துக்கொள்ளத் தோன்றக் கூடாது. முதல் முட்டையைப் போட்டதும் மாவு பிரிந்து வழுக்கும். கெட்டுவிட்டது என்று பயந்து மைதா சேர்க்காதீர்கள். அடித்துக்கொண்டே இருந்தால் தானாகச் சேரும். இரண்டாவது முட்டையைத் தனியாக அடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது நல்லது. எல்லா மைதாவும் ஒரே அளவு தண்ணீர் குடிக்காது. கரண்டியைத் தூக்கினால் மாவு கனமாக, நுனி கூம்பித் தொங்க வேண்டும். ஒழுகினால் கோடு நிற்காது.

முறுக்கு அச்சு இருக்கக் கவலை ஏன்

பால் கவரைக் கழுவி, மூலையை வெட்டிப் பிழிவது சுலபம்தான், நானும் செய்திருக்கிறேன். உருண்டையாக வரும், அங்கங்கே வெடிக்கும். நட்சத்திரக் கோடு அழகுக்காக மட்டும் இல்லை. பள்ளமும் மேடுமாக இருப்பதால் மேல்பரப்பு கூடி, சூடு ஒழுங்காக உள்ளே இறங்குகிறது; சர்க்கரைக்கும் உட்கார இடம் கிடைக்கிறது. வீட்டில் முறுக்கு அச்சு இருந்தால் ஒற்றை நட்சத்திரத் துளை உள்ள தட்டைப் போடுங்கள். சுண்டுவிரல் தடிமனில்தான் வரும், மால் சுரோஸ் மாதிரிப் பருமனாக இருக்காது. ஓவனுக்கு மெலிசாக இருப்பதே நல்லது, உள்ளே வேகாமல் போகும் பயம் இல்லை. அச்சின் உட்புறம் எண்ணெய் தடவிக்கொண்டு, வெளியே வரும் மாவை ஈரக் கத்தரிக்கோலால் வெட்டினால் ஒட்டாது. முறுக்கு மாதிரிச் சுற்றாமல், நீட்டு நீட்டாக, நான்கு அங்குலத்துக்கு வெட்டுங்கள். சுற்றினால் வளையத்தின் உள்பக்கம் ஆவி தங்கி நமத்துவிடும்.

சூடு எங்கிருந்து வருகிறது

ஓடிஜி ஓவனை, அதாவது மேலும் கீழும் சூட்டுக் கம்பி வைத்த சின்ன மின்சார ஓவனை, 200 டிகிரியில் பதினைந்து நிமிடம் காயவைத்த பிறகே தட்டை உள்ளே வையுங்கள். எண்ணெய் காயாமல் யாராவது வடை போடுவார்களா? ஓவனை மட்டும் ஏனோ அவசரமாகத் திறந்து தட்டைத் தள்ளிவிடுகிறோம். மெல்லிய குச்சிகளுக்குப் பதினெட்டு முதல் இருபது நிமிடம் ஆகும். முதல் பதினைந்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். உப்பிக்கொண்டிருக்கும் மாவு குளிர்ந்த காற்று பட்டால் அமுங்கிவிடும். நிறம் வந்ததும் உடனே வெளியே எடுப்பதும் தவறுதான். ஓவனை அணைத்து, குச்சியின் முனையில் ஒரு ஊசித்துளை போட்டு, கதவை லேசாகத் திறந்த மாதிரி வைத்து ஐந்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். உள்ளே அடைபட்ட ஆவி வெளியே போகாவிட்டால் அதுவே தோலை நமக்கச் செய்யும்.

ஏர் ஃப்ரையரில் பச்சை மாவை நேராகக் கூடைக்குள் பிழிந்தால் ஓட்டைகளில் இறங்கி ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது அழுகை வரும். பேக்கிங் தாளில் பிழிந்து, அரை மணி நேரம் ஃப்ரீசரில் இறுக வைத்து, பிறகு அடுக்குங்கள். வெறும் தாளை மட்டும் போட்டு முன்கூட்டிச் சூடேற்றாதீர்கள். உள்ளே சுழலும் காற்று தாளைத் தூக்கி மேலே இருக்கும் சூட்டுக் கம்பியில் ஒட்ட வைக்கும், தீப்பிடிக்கவும் கூடும். குச்சிகளுக்கு நடுவே இடம் விட வேண்டும். எண்ணெய்க்குப் பதில் எல்லாப் பக்கமும் சுடுவது இங்கே காற்றுதானே, அதற்கு வழி வேண்டாமா? 190 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டால் போதும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறையில் பெரும்பாலும் 6 ஆம்ப்ஸ் பிளக்தான் இருக்கும். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட். ஏர் ஃப்ரையர் பலவும் 1400, 1500 வாட் இழுப்பவை. மிக்ஸிக்குப் போட்ட பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயர் வைத்து ஓட்டினால் சுரோஸுக்கு முன்னால் வயர் பொரிந்துவிடும்.

மைக்ரோவேவில், கன்வெக்ஷன் (சூடான காற்றைச் சுழற்றுவது) இல்லாத சாதா மோடில், இதைச் செய்யவே முயலாதீர்கள். ரப்பர்தான் வரும்.

சர்க்கரை, பட்டை, மிக்ஸி ஜார்

பாதிப் பேர் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஓவனிலிருந்து வரும் குச்சி மேலே வறண்டிருக்கும். அதைச் சர்க்கரையில் புரட்டினால் ஒன்றுமே ஒட்டாது. எனவே எடுத்த சூட்டிலேயே மேலே ஏதாவது தடவ வேண்டும். எல்லாச் செய்முறையும் உருக்கிய வெண்ணெய் என்கிறது. நான் நெய்தான் தடவுவேன். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. பாடுபட்டு விரட்டிய ஈரத்தை நாமே மறுபடி பூச வேண்டுமா? நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு, உடனே சர்க்கரை. நான்கு நான்காகச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் நெய் தடவிவிட்டுச் சர்க்கரைக்கு வந்தால் முதல் குச்சி ஆறியிருக்கும்.

சர்க்கரையும் அப்படியே உதவாது. ரேஷன் சர்க்கரையானாலும் கடைச் சர்க்கரையானாலும் நம்மூரில் பரல் பெரிசு, உருண்டு விழுந்துவிடும். பொடித்த மாவுச் சர்க்கரையோ சூட்டில் கரைந்து பிசுபிசுக்கும். மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று, ரவைப் பதம், அதுதான் சரி. அரை கப் சர்க்கரைக்கு ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள். பட்டையைத் தனியாக அரைக்காமல் கொஞ்சம் சர்க்கரையோடு சேர்த்து அரைத்தால் நைசாகும். சௌகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மசாலா சாமான் வாங்கப் போனால் பட்டையைப் பார்த்து வாங்குங்கள். சுருட்டு மாதிரிப் பல மெல்லிய ஏடுகள் சுருண்டிருப்பது இலங்கைப் பட்டை. மணம் இனிப்பாக இருக்கும். தடித்த ஒற்றை மரப்பட்டையாக இருப்பது பிரியாணிக்குப் போடும் கேசியா, காரம் அதிகம். கேசியாதான் வீட்டில் இருக்கிறது என்றால் அளவைக் குறையுங்கள். பட்டைத்தூளை மாவிலோ, ஓவனுக்குள் வைக்கும் முன் மேலேயோ தூவ வேண்டாம், தீய்ந்தால் கசக்கும்.

அந்த மிக்ஸி ஜாரை முகர்ந்து பார்த்தீர்களா? காசிமேட்டு மீன் வாங்குகிற வீட்டில் சின்ன ஜார் எப்போதும் மிளகும் மிளகாயுமாகத்தான் இருக்கும். என் இரண்டாவது முயற்சி முழுவதும் வஞ்சிரம் மசாலா வாசனை. ஒரு கைப்பிடி பச்சரிசியை அரைத்துக் கொட்டி, துடைத்து, அப்புறம் சர்க்கரையைப் போடுங்கள்.

முட்டை சேராத வீட்டுக்கு

சௌகார்பேட்டை ஜெயின் வீடுகள் மாதிரி முட்டைக்கே இடமில்லாத வீட்டில் மேலே சொன்ன மாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒருநாள் பழைய பிரெட் போதும். புதுசு சவசவவென்று இழுக்கும். ஓரம் நீக்கி, சப்பாத்திக் கட்டையால் லேசாக அழுத்தி, விரல் அகலத்துக்கு நறுக்கி, நெய் தடவி, தோசைக்கல்லில் சின்னத் தீயில் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே மெத்தென்றே நிற்கும். ஆறேழு நிமிடம் பொறுமை வேண்டும். சர்க்கரையைக் கல்லில் தூவவே கூடாது. 160 டிகிரி தாண்டினால் அது உருகிக் கருகத் தொடங்கும், கல்லைச் சுரண்டுவது அடுத்த நாள் தோசைக்கு முன்னால்தான் முடியும். இறக்கிய பிறகு தட்டில் புரட்டுங்கள். மிச்சச் சப்பாத்தியில் இதையே செய்யலாம் என்று ஒரு தடவை பார்த்தேன். கோதுமை மாவு தோல் மாதிரி ஆகிவிட்டது, விட்டுவிட்டேன்.

பொரிக்கவில்லை என்பதால் இது டயட் பலகாரம் ஆகிவிடாது. நெய், வெண்ணெய், சர்க்கரை, மைதா எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. எண்ணெய் மட்டும்தான் குறைந்திருக்கிறது.

கடைசியாக, முறுக்கு மாதிரி இதை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள். முறுக்கில் உள்ளே ஈரம் இல்லை, இதில் உண்டு. மூடினால் அந்த ஈரம் தோலுக்கு வரும், சர்க்கரை நீர் விடும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி வாழ்கிற நமக்கு உப்பு ஜாடியே நீர் விடுகிறது, சர்க்கரை பூசிய மாவு எம்மாத்திரம்? செய்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். நாளைக்கும் வேண்டும் என்றால் வெந்த குச்சியை அல்ல, பிழிந்த பச்சை மாவுக் குச்சிகளை ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது அப்படியே எடுத்துச் சுடுங்கள். மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக ஆகும். டப்பா மட்டும் மூடி இறுக்கமானதாக இருக்கட்டும். எங்கள் ஃப்ரீசரில் அதற்குப் பக்கத்து வீடு இறால் பொட்டலம்.